கைப்பேசி வித்தைக்கு முதற்புத்தகம் எது?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாலிபத் தோழர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நமக்கு வந்து சேர்ந்தது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி மேலும் நடந்துபோக வேண்டிய குக்கிராமத்தில் இருப்பவர். மலையாளிப் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர். பன்னிரண்டாவது தேறியிருக்கிறார். செல்போனில் ஓடக்கூடிய புரோகிராம் எழுதக் கற்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, சென்னைக்குக் கட்டிட வேலைக்குப் போயிருந்த சமயத்தில் நடைபாதைக் கடையொன்றில் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கினாராம். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டியும் இரண்டாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லையாம். ஊர்ப் பெரியவர் ஒருவர், "இதெல்லாம் நம்ம ஜாதிக்கு வராதுப்பா, தலையில எழுதியிருக்கணும்" என்றாராம். "அது நிஜந்தானா ஐயா? நிஜமில்லையென்றால் எந்தப் புத்தகத்தை முதலில் படிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டிருக்கிற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான். அதனால்தான் நமது பத்திரிகைக்கு இதில் என்ன ஜோலி என்று எண்ணாமல் பதில் எழுத முன்வந்தோம்.

முதலில் அவர் வாங்கிய புத்தகம் எது என்று பார்ப்போமென்று அதன் முதல் ஏட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். அனுப்பினார். 2012ல் அச்சான புத்தகம். அதைப் படித்து வேலை செய்ய "எக்லிப்ஸ்" என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும்படி முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். ஆண்ட்ராய்டு செல்போன்களுக்கு உரியவர்களான கூகிள் கம்பெனியார் 2013ல் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற வேறொரு சாதனத்தை அறிவித்து, 2014 டிசம்பரில் அதை முழுமையாக வெளியிட்டு, எக்லிப்ஸுக்குத் தந்துவந்த உதவியை 2015 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அதாவது, நமது தோழர் கையிலிருந்த புத்தகம் காட்டிய பாதை அவர் அதை வாங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அடைபட்டுப் போய்விட்டது. பாலம் இடிந்துபோன ஆற்றைத் தாண்ட முடியவில்லையே என்று ஒருவன் தன் காலைக் குறைசொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படியோ, அப்படித்தான் இவர் தம் தலையைக் குறைசொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தலையெழுத்து என்ற பித்தலாட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. புத்தகம் பழையது, கம்ப்யூட்டர் இல்லை, சொல்லித்தர ஆளில்லை, விளக்கம் அந்நிய பாஷையில் இருக்கிறது என்ற இத்தனை காரணங்கள் கண்ணெதிரில் இருக்கும்போது அவற்றில் ஒன்றையும் விசாரிக்காமல், "ஜாதிக்கு வராது" என்று ஒரே வார்த்தையில் வழக்கைத் தீர்த்துவிடுகிறார்கள். காரணத்தைத் தேடுகிறவன் அதைத் திருத்துவான். தலையெழுத்தென்று நம்புகிறவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூலிக்குப் போவான். பெரியவரை நாம் குறைகூறவில்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதை உருக்கி ஊற்றி அடைக்க வேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதிவைத்த தேசத்தில், படிப்பென்றால் யாருக்கோ உரியது என்ற பயம் மலையுச்சி வரையில் ஏறிப்போயிருப்பதில் ஆச்சரியமென்ன?

நிற்க, புத்தகத்தின் வயதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். அமெரிக்காவில் பிக் நெர்ட் ரான்ச் என்ற பயிற்சி ஸ்தாபனத்தார் ஆண்ட்ராய்டு புரோகிராமிங் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். முதற்பதிப்பு 2013ல் வந்தது. அதில் எக்லிப்ஸும் ஜாவா பாஷையும் இருந்தன. பிறகு 2015, 2017, 2019, 2022 என்று அதே புத்தகம் ஐந்து பதிப்புக் கண்டது. நாலாவது பதிப்பில் ஜாவாவை விட்டுவிட்டுக் காட்லின் என்ற பாஷைக்கு மாறிவிட்டார்கள். காட்லினைக் கூகிள் 2017ல் அங்கீகரித்து, 2019ல் இனி அதற்கே முதலிடம் என்று அறிவித்ததே அதற்குக் காரணம். ஆக, 9 வருஷத்தில் ஐந்து பதிப்பு! "நாம் முன் சொன்னது இப்போது செல்லாது, இப்படிச் செய்யுங்கள்" என்று நூலாசிரியர்களே முன்வந்து ஒப்புக்கொள்ளுகிறார்கள். மனுதர்ம சாஸ்திரத்துக்குத் திருத்திய இரண்டாம் பதிப்பை யாராவது பார்த்ததுண்டா? நாம் பார்த்ததில்லை. சயன்ஸ் புத்தகத்துக்கு முதல் ஏட்டில் வருஷம் போட்டிருக்கும். சாஸ்திரத்துக்கு வருஷம் கேட்டால் அநாதி என்பார்கள். எனவே தோழர்கள் எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அட்டைப்படத்தைப் பார்க்குமுன் அந்த வருஷத்தைப் பாருங்கள். செல்போன் புரோகிராமிங் விஷயத்தில் 2019க்கு முற்பட்டதென்றால் 10 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். சரஸ்வதி பூஜையன்று வைத்துக் கும்பிடத்தான் அது உதவும்.

அதற்காகப் பழைய புத்தகமெல்லாம் குப்பை என்று நாம் சொல்லவரவில்லை. சி பாஷையைப் பற்றிக் கெர்னிகனும் ரிட்சியும் 1978ல் எழுதிய சிறு நூலை இன்றும் மதித்துப் படிக்கிறார்கள். பாஷையின் அடிப்படை சீக்கிரத்தில் மாறாது. மாறுவதெல்லாம் செல்போனின் மேற்கட்டுதான். அடிப்படையைச் சொல்லுகிற நூல் எது, மேற்கட்டைச் சொல்லுகிற நூல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

இனி இங்கிலீஷ் விஷயம். இங்கிலீஷ் வராதவனுக்குப் புரோகிராமிங் வராது என்பது நம்மிடையே உலாவும் இன்னொரு புராணம். சி பாஷையின் முதல் நிர்ணயப்படி அதிலுள்ள கட்டளைச் சொற்கள் 32தான். ஜாவாவில் சுமார் 50. நமது பையன்களுக்கு இதைவிட அதிகமான கிரிக்கெட்காரர்களின் பெயர்கள் மனப்பாடம். அந்த ஐம்பது சொற்களும் இங்கிலீஷில் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை எப்போது, ஏன் உபயோகிக்கிறோம் என்ற விளக்கம்தான் தாய்பாஷையில் இருக்க வேண்டும். அந்த விளக்கத்தைப் புரியாத பாஷையில் படித்து உருப்போடுவதற்கும், அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. முத்தையா அண்ணாமலை என்பவர் "எழில்" என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையையே தமிழில் செய்திருக்கிறார். அதில் "பதிப்பி" என்று எழுதினால் யந்திரம் திரையில் பதிப்பிக்கிறது. செல்போனுக்கு ஆப் செய்ய அது உதவாது. ஆனால் யந்திரத்துக்கு எந்தப் பாஷையும் தேவபாஷை அல்ல என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ள அதைப்போல் உதவுவது வேறில்லை. செல்போனில் தமிழ் எழுத்தே வராது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் மலேசியாவிலுள்ள முத்து நெடுமாறன் "செல்லினம்" செய்து 2005ல் வெளியிட்டதும், 1935ல் "குடிஅரசு" கைக்கொண்ட பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் அரசாங்கமே ஏற்றதும் நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் புத்தகம் தேர்ந்தெடுக்கிறவர்கள் புத்தகத்தை மட்டும் பார்த்தால் போதாது. படிக்கப்போகிறவனின் வீட்டையும் பார்க்க வேண்டும். சென்னைப் பையனுக்கு எழுதிய சிபார்சை ஜவ்வாது மலைக்கு அனுப்புவது, கடற்கரை உப்பளக்காரனுக்குச் சாமை விதைக்கச் சொல்லுவது போன்றது. இன்று வெளிவரும் நல்ல புத்தகங்களெல்லாம் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை வைத்து எழுதப்படுபவை. அது ஓடக் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராமாவது இருக்க வேண்டும். நமது தோழரிடமோ கைமாறி வந்த ஒரு செல்போன் மட்டுந்தான் இருக்கிறது. அதற்கும் ஊருக்குள் டவர் கிடைப்பதில்லை, மேட்டுக்கு ஏறிப்போக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். "யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ளப்பா, புத்தகம் எதற்கு?" என்கிறவர்கள் அந்த மேட்டில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். வீடியோ அதன் வேகத்தில் ஓடும். புத்தகமோ நமது வேகத்துக்கு நிற்கும். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு டவரைக் கேட்காது.

ஆகவே நமது அபிப்பிராயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறோம். செல்போன் மட்டும் வைத்திருக்கும் தோழருக்கு முதற்புத்தகம் ஆண்ட்ராய்டு புத்தகமே அல்ல. து. நித்யா எழுதிய "எளிய தமிழில் எச்.டி.எம்.எல்." என்ற நூலும், அதையடுத்து அவரே சி.எஸ்.எஸ். பற்றி எழுதியதுமே அவருக்கு ஏற்றவை. இரண்டும் மின்னூல்கள். இலவசமாய்க் கிடைக்கின்றன. எவரும் எடுத்துப் படித்து மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்பட்டவை. இணையப் பக்கம் எழுதக் கற்பது எப்படிச் செல்போன் புரோகிராமிங் ஆகும் என்று கேட்கலாம். செல்போனிலுள்ள பிரவுசரில் அந்தப் பக்கம் ஓடுகிறதல்லவா? அதோடு ஜாவாஸ்கிரிப்ட்டில் பத்து வரி சேர்த்தால் கணக்குப் போடும் பெட்டி ஒன்று கைக்குள் வந்துவிடும். எழுதுவதும் செல்போனில், ஓடுவதும் செல்போனில். கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. இதை மட்டமான வழி என்று பட்டணத்து இன்ஜினியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது படிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். 2011 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இழுக்க அவற்றுக்குப் பலம் போதாது. ஆப் இன்வென்டருக்குப் போதும். இதைக் கூகிளில் 2010ல் ஆரம்பித்தார்கள். பிறகு அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. சர்வகலாசாலையார் எடுத்து இன்றுவரை இலவசமாக நடத்திவருகிறார்கள். கட்டளைகளைத் தட்டெழுதாமல், குழந்தைகள் கட்டை அடுக்குவதுபோல் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பிரவுசரிலேயே வேலை நடக்கும். நெட் கட்டாயம் வேண்டும் என்பதே இதிலுள்ள குறை. வோல்பர், ஏபல்சன், ஸ்பெர்ட்டஸ், லூனி ஆகிய நால்வர் சேர்ந்து எழுதிய புத்தகம் இதற்கு உண்டு. 2011ல் முதலிலும் 2014ல் திருத்தியும் வந்தது. 2019க்கு முற்பட்டது வேண்டாமென்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்லுகிறீர்களே என்றால், திருத்திய பதிப்பு எந்தச் சாதனத்துக்கு எழுதப்பட்டதோ அந்தச் சாதனம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நமது விதி குருட்டு விதியல்ல.

அந்தப் புத்தகத்தின் முதல் பாடம் ஒரு பூனை. பூனைப் படத்தைத் தொட்டால் செல்போன் மியாவ் என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். நமக்கு நாற்பது வயதுக்கு மேலாகிறது, நாம் எந்தக் காலேஜிலும் படித்தவர்களல்லோம். பிறருக்குச் சொல்லுமுன் நாமே செய்துபார்ப்போமென்று நமது அச்சாபீசுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பூனை கத்தியபோது கம்பாசிட்டர் தோழர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முதல் நாளிலேயே தன் கையால் ஒன்று அசைந்தது என்று கண்டவன் இரண்டாம் நாளும் வருவான். எண்ணூறு பக்கத் தத்துவத்தைப் படித்த பிறகே ஒரு எழுத்துத் திரையில் வரும் என்கிற புத்தகம், உள்ளே வரவேண்டியவனை வாசலிலேயே நிறுத்திவைக்கும் கோவிலைப் போன்றது. ஆதலால் முதற்புத்தகத்துக்கு நாம் வைக்கும் பரீட்சை இதுதான்: அதைத் திறந்த அன்றே படிக்கிறவன் எதையாவது ஓடவைக்க முடிகிறதா? முடியாதென்றால் அது அவனுக்கு நாலாவது புத்தகமாய் இருக்கலாம், முதற்புத்தகம் ஆகாது.

அதற்கு மேல் போகிறவர்களுக்குக் கூகிள் கம்பெனியாரே காட்லினும் கம்போஸும் சேர்த்து, புரோகிராமிங் அறியாதவர்களுக்கென்று இலவசப் பாடம் வெளியிட்டிருக்கிறார்கள். பாடத்தைத் திருத்துகிறவர்களும் அவர்களே. கம்பெனி தன் வியாபாரத்துக்காகச் செய்வதுதான், தர்மத்துக்காக அல்ல. இருந்தாலும் கிணற்றை எவன் வெட்டினாலும் தண்ணீர் தண்ணீர்தானே. ஐபோனுக்கு எழுதுவதற்கு மேக் கம்ப்யூட்டர் வேண்டுமாதலால் அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஏகலைவன் கதை ஞாபகத்துக்கு வருகிறது. வேடன் மகன் மண்ணால் துரோணர் பொம்மை செய்து வைத்து வில்வித்தை கற்றானாம். பொம்மை கற்றுக்கொடுத்தது என்று பாகவதர்கள் உருகுவார்கள். பொம்மை என்ன கற்றுக்கொடுக்கும்? தினம் தினம் நாணேற்றி எய்து, தவறி, மறுபடி எய்து அவனே கற்றுக்கொண்டான். கடைசியில் பாடம் சொல்லாத வாத்தியார் சம்பளமாகக் கட்டைவிரலை அறுத்து வாங்கிக்கொண்டார். இன்று செல்போனில் எல்லாம் நடப்பது அந்தக் கட்டைவிரலால்தான். நவீன துரோணர்கள் விரலைக் கேட்பதில்லை. ரசீதைக் கொடுத்துவிட்டு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு விவசாயி, கீழே ஒரு டவுனில் உள்ள பயிற்சி நிலையத்தில், "ஆறு மாதத்தில் ஆப் எழுதலாம், வேலைக்கு உத்தரவாதம்" என்ற போர்டை நம்பி மகனுக்காக 40,000 ரூபாய் கட்டினார். அங்கே பாடமாகக் கொடுத்தது, மேலே சொன்ன இலவசப் பாடத்தின் முற்பகுதியை நகலெடுத்துச் சுருள்கம்பி போட்ட நோட்டு. அதிலேயே சில பக்கங்கள் மாறியிருந்தனவாம்.

இன்னொரு சங்கதி. ஜவ்வாது மலையின் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986ல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. வேணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று உலகம் கண்டுகொண்டபோது அதைக் கவனித்துப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸ் என்ற கிரகம் நவக்கிரகத்தில் இல்லை! சாஸ்திரக்காரர்களுக்குத் தெரியாத கிரகத்தின் வளையத்தை இந்த மலையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அதே மலையடிவாரத்து டீக்கடையில் ஒருவர் செல்போனை எடுத்து, சனிப்பெயர்ச்சி ஆப்பில் தன் ராசியை அழுத்தி, இந்த வருஷம் மாடு வாங்கலாமா என்று பார்க்கிறார். அந்த ஆப்பையும் எவனோ ஒருவன் புரோகிராம் படித்துத்தான் எழுதியிருக்கிறான். ஆகவே புரோகிராம் படித்தவனெல்லாம் பகுத்தறிவுவாதி என்று நாம் ஏமாறவில்லை. ஆனால் ஒன்று சொல்லுவோம்: ராசி பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு வாக்கியம் எழுதிவைத்து, அழுத்தினால் ஒன்று வரும்படி செய்ய எத்தனை வரி வேண்டும் என்று தானே எழுதிப் பார்த்த பையனிடம் ஜோசிய ஆப் செல்லாது. ஒரு மத்தியானத்தில் எழுதிவிடலாம். எங்கள் தோழர்கள் கட்டாயம் எழுதிப் பார்த்துவிட்டு டீக்கடையில் காட்ட வேண்டும்.

மலைத் தோழர் எதைச் செய்துபார்க்கலாம் என்று கேட்டால், புளியும் சாமையும் தேனும் விற்கிற அவரது ஊரிலேயே கணக்கு இருக்கிறது. எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் வியாபாரி எவ்வளவு பிடித்தான், கைக்கு வரவேண்டியது எவ்வளவு என்று போட்டுக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்று எழுதட்டும். நாலு பெட்டியும் ஒரு பொத்தானும் போதும். அம்மாவின் கையில் அதைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பட்டும். எடைபோடும் இடத்தில் என்ன நடக்கிறதென்று பார்க்கலாம்.

இதையெல்லாம் விளையாட்டு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு தேதியை ஞாபகப்படுத்துகிறோம். 2015 ஏப்ரல் 7. அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்களென்று 20 தமிழர்கள் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கோடரி பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியால் தரகனுக்குக் கிடைத்தவர்கள் அவர்கள். ஒரு புத்தகம் ஓர் ஊரைக் காப்பாற்றிவிடும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். மலையில் வேலையும் நிலப்பட்டாவும் ரோடும் வரவேண்டும், அதற்குத் தனியே போராட வேண்டும். ஆனால் "உனக்கு இது வராது" என்று ஒருவனை நம்பவைப்பது யாருக்கு லாபம் என்று தரகனைக் கேட்டால் தெரியும். அதே மலையைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர், பிரசவித்துச் சில நாட்களிலேயே பரீட்சை எழுதி, சிவில் நீதிபதியாகத் தேறிய செய்தி 2024ல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. அந்த அம்மாளுக்கு மட்டும் தலையில் வேறு மையால் எழுதியிருந்ததா?

பெண்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு வார்த்தை. செல்போன் பெரும்பாலான வீடுகளில் அண்ணன் கையில்தான் இருக்கிறது. தங்கை தொட்டால் கெட்டுப்போவாளாம். மனிதன் எழுதியதை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றும் வித்தையை 1952லேயே செய்துகாட்டிய கிரேஸ் ஹாப்பர் ஒரு பெண். நமது தோழருக்குத் தங்கை இருந்தால், எச்.டி.எம்.எல். புத்தகத்தை இருவருமாகப் படிக்க வேண்டும் என்பது நமது நிபந்தனை.

தமிழ் நூல்கள் இரண்டையும் தோழரின் செல்போனுக்கு அனுப்பியாகிவிட்டது. மேட்டுக்குப் போய் இறக்கிக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. போளூர், திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கத்துத் தோழர்களில் யார் வீட்டுப் பரணிலாவது ஓடக்கூடிய மடிக்கணினி கிடந்தால், சார்ஜர் சகிதம் நமது ஆபீசுக்குச் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் பொறுப்பு. 2012ம் வருஷத்துக் கிரகணப் புத்தகத்தை என்ன செய்வதென்று கேட்டிருக்கிறார். தாள் தடிப்பாய் இருப்பதால் சந்தையில் பொட்டலம் கட்ட உதவும்.